கட்டுப் போட்ட கை

என் வலது கைக்கு ஒரு வியாதியும் இல்லை. யாராவது பிடித்துக் குலுக்கினால் அதற்கு மறுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

எங்கள் ஊர் கரகோலின் ஞாயிற்றுச் சந்தையில் ஆடு மாடு குதிரைக்கெல்லாம் கையால்தான் பேரம். தரகர் வாங்குகிறவன் கையையும் விற்கிறவன் கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, அடிபம்பு அடிப்பதுபோலக் குலுக்குவார். ஒரு குலுக்கலுக்கு ஒரு விலை. "ஆச்சு" என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அப்புறம் பின்வாங்குகிறவனுக்கு ஊரில் மரியாதை இல்லை. தோள்பட்டை லேசாக வலித்தாலே "ஆச்சு" சொல்லிவிடுகிற ரகம் நான். பசுவை விற்கப் போய், வெள்ளிப்பூண் போட்ட சேணத்தோடு திரும்பியவன். அப்போது எங்களிடம் குதிரை கிடையாது. இப்போதும் கிடையாது.

போன வருஷம் அப்பாவின் நினைவு விருந்துக்கு எங்கள் வழக்கப்படி ஒரு குதிரையை வாங்கி அறுத்தோம். அதற்காக என் மனைவி புரூல், அவள் அம்மா போட்டுவிட்ட தோடுகளைக் கழற்றிக் கொடுத்தாள். அடகுக்கடைக்கு வருஷம் முழுக்க வட்டி கட்டினேன். இன்றுதான் கெடு. இருபத்தெட்டாயிரம் சோம் கட்டி மீட்காவிட்டால் தோடு மூழ்கிவிடும். கல்யாண வீடுகளில் அவள் முக்காட்டைக் காது மறைய இழுத்துவிட்டுக்கொள்வாள். நான் கவனிக்காதவன்போல இருந்துகொள்வேன்.

விடியும்போதே எங்கள் இரண்டு கிடாக்களும் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறுக்குப் போய்விட்டன. புரூல் என்னைக் காருக்குப் பின்னால் கூப்பிட்டாள்.

"கையை நீட்டுங்க."

மாவுச் சாக்குத் துணியும் ஒரு மரச்சட்டமும் வைத்திருந்தாள். விரல் நுனிகூடத் தெரியாமல் சுற்றினாள்.

"என்னடி இது? பணத்தைத்தான் நீயே வச்சுக்கிட்டியே!"

"கையில சல்லிக்காசு இல்லாமத்தானே போன வசந்தத்துல பன்னெண்டு வாத்துக்குக் கை கொடுத்தீங்க? நான் போய் அடகுக்கடை வாசல்ல நிக்கிறேன். நம்ம காரை மறிச்சு நிக்கிற அந்த லாரி நகர்ந்ததும் வண்டியை எடுத்துட்டு வாங்க. எதையும் பாக்காதீங்க."

லாரி நகரவில்லை. நான் நகர்ந்தேன். சும்மா பார்க்கத்தான்.

வைக்கோல் நிறத்தில் ஒரு குதிரைக்குட்டி நின்றது. வெள்ளை இமை. என் கோட்டை முகர்ந்து பார்த்துத் தும்மியது. எனக்கு உடம்பெல்லாம் இளகிவிட்டது. வீட்டில் குதிரையில்லாமல் கிடக்கும் அந்தச் சேணம் வேறு மனக்கண்ணில் வந்து நின்றது.

"அண்ணே!" தரகர் மம்பெத் ஓடிவந்தான். "கையில என்ன?"

"குதிரை கடிச்சிருச்சு."

"உங்ககிட்டதான் குதிரையே இல்லையே?"

"பக்கத்து வீட்டுக் குதிரை."

அவன் முகம் வாடிவிட்டது. இருநூறு சோமை எடுத்து என் சட்டைப்பையில் திணித்தான். "மருந்துக்கு வச்சுக்கங்கண்ணே." நோயாளியைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போவது எங்களுக்குப் பழக்கமில்லை. குட்டியின் சொந்தக்காரர் நூறு வைத்தார். தேநீர் விற்கிற அம்மாள் ஐம்பதும் ஒரு சூடான ரொட்டியும் தந்து, என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ரொட்டியைத்தான் என் மனசு தாங்கவில்லை. பல்லால் முடிச்சை இழுத்துக் கட்டை அவிழ்த்தேன்.

"கைக்கு ஒண்ணுமில்ல. எதையும் வாங்கிடக் கூடாதுன்னு வீட்டுல கட்டிவிட்டா."

சுற்றியிருந்தவர்கள் சிரித்ததில் குட்டியே மிரண்டது. மம்பெத் முதல் ஆளாகத் தன் இருநூறைப் பிடுங்கிக்கொண்டான். அடுத்து என் கையைக் குட்டியின் சொந்தக்காரர் கையோடு சேர்த்துப் பிடித்தான்.

"பொய்க்கு அபராதம்! சொல்லுங்க, குட்டி நாப்பதாயிரம்!"

குலுக்கினான். "முப்பத்தெட்டு! இப்ப இருபத்தஞ்சு, மிச்சம் அறுவடைக்கு அப்புறம்! முப்பத்தாறு!"

தோள் கழன்றுவிடும்போல இருந்தது. குட்டி என் கழுத்தருகே மூச்சுவிட்டது. "ஆ" வரைக்கும் வாயில் வந்துவிட்டது.

"ஆகாது," என்றேன்.

அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அந்தச் சந்தை கேட்டதில்லை.

"என் பொண்டாட்டி ஒரு வருஷமா மூளிக்காதோட இருக்கா, தம்பி. அந்தப் பணம் தோட்டுக்கு."

மம்பெத் கையை விட்டான். தன் தோளைத் தேய்த்துக்கொண்டான். "இதை மொதல்லயே சொல்லக்கூடாதா? என் கையாவது தப்பிச்சிருக்கும். போங்கண்ணே. டேய், லாரியை நகத்துங்கடா!"

மற்றவர்களின் பணத்தையும் கொடுத்துவிட்டேன். ரொட்டியைத் தேநீர் அம்மாள் திரும்ப வாங்கவில்லை.

அடகுக்கடை வாசலில் புரூல் என் வெறுங்கையைப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"என்ன வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கல."

பின் இருக்கையைப் பார்த்தாள். டிக்கியைத் திறந்து பார்த்தாள். குனிந்து வண்டிக்கு அடியிலும் பார்த்தாள். உள்ளே போய்ப் பணத்தைக் கட்டித் தோட்டை மீட்டாள்.

காரில் உட்கார்ந்து தோட்டைப் போட்டுப் பார்த்தாள், இறங்கவில்லை. காது தூர்ந்துபோயிருந்தது. ரொட்டியில் தடவியிருந்த வெண்ணெயை விரலில் தொட்டு அவள் காதில் தடவி, நான் மெல்லத் திருகினேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு. "நிறுத்தாதீங்க."