மீன் ஒத்துக்கொள்ளாத பூனை

“மீன் ஒத்துக்காத பூனையா? சந்தையில சொன்னா சிரிப்பானுகள் புள்ள.”

“மிருக வைத்தியர்தான் சொன்னார். கோழியும் சோறும் மட்டும் குடுத்துப் பாப்பம்.”

கணவன் ஹில்மியோடு அன்று பேசியது ரிஸ்மினாவின் நினைவுக்கு வந்தது. பிள்ளையில்லாத அந்த வீட்டின் பூனை அப்போது கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கியிருந்தது. மீன் வியாபாரியான ஹில்மி சிரித்துக்கொண்டே அதற்குச் சம்மதித்து, மாதக்கணக்கில் வீட்டுக்குள் மீனே கொண்டுவரவில்லை. கையைக்கூட வாசலிலேயே கழுவினான்.

இன்று புண் இருந்த இடமெல்லாம் பஞ்சுபோலப் புதுமயிர். “சுப்ஹானல்லாஹ்,” என்று தடவிப் பார்த்த ஹில்மியின் கண்கள் கலங்கியிருந்தன.

கோபிப்பானோ என்று இத்தனை வருடமும் அவள் தொண்டைக்குள் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

“இஞ்சாருங்க, பிள்ளைக்காக நாம ரெண்டு பேரும் ஒருக்கா டொக்டரிட்டப் போவமா?”