விடுப்புக்கான காரணம்

பல்கலைக்கழக நிர்வாக அலுவலர்கள் சங்கத்தின் பத்தொன்பதாவது ஆண்டுக் கூட்டத்தில், நன்றியுரைக்கு நடுவே, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் ஒருவர் நாற்காலியிலிருந்து எழும்பி ஜன்னல் வழியாக வானத்துக்குப் போனார். நன்றியுரை நிற்கவில்லை, இன்னும் பதினொரு பேர் பாக்கி இருந்தார்கள். இருபத்தாறு வருஷ உத்தியோகத்தில் அன்று காலைதான் முதல்முறையாக அவர் மேஜை ஒரு கோப்பும் இல்லாமல் இருந்ததாம். பாரம் குறைந்ததால் போனார் என்று முடிவுசெய்து, கூட்டக் குறிப்பிலும் அப்படியே எழுதினார்கள்.

பக்கத்து நாற்காலி வேறொரு பல்கலைக்கழகத்தின் துணைப் பதிவாளரம்மாவுடையது. இருவரும் வருஷத்துக்கு இரண்டு நாள், இந்தக் கூட்டத்தில் மட்டும் பார்த்துக்கொள்கிறவர்கள். பன்னிரண்டு வருஷமாக அவர் தன் பிஸ்கட்டில் பாதியை அந்தம்மாவின் தட்டில் வைப்பார். அந்தம்மா அவர் அறிக்கையில் பிழை திருத்துவார். இருவரும் தனி ஆட்கள், நாற்பதைத் தாண்டியவர்கள், யார் என்ன சொல்லப்போகிறார்கள்? ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அன்று தேநீர் இடைவேளையில்தான் அவர், "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "சொல்லுங்க" என்றார் அந்தம்மா. அதற்குள் மணி அடித்துவிட்டார்கள். "சரி, நன்றியுரை முடியட்டும்" என்றார். நன்றியுரையைப் பற்றித்தான் தெரியுமே.

மூன்று வருஷம் விடுப்புச் சொல்லாமல் வராதவரின் பெயர் நீக்கப்படும் என்பது சங்க விதி. பெயர் போனால் நாற்காலியும் போகும். ஆகவே அடுத்த கூட்டத்தில் அந்தம்மா அவருக்காக ஒரு விடுப்புப் படிவம் நிரப்பி ஜன்னல் கட்டையில் வைத்தார். இடைவேளை முடிந்து வந்து பார்த்தால் படிவம் மேகம் பட்டு ஈரமாக இருந்தது. கீழே அவர் கையெழுத்து, அதே கோணல். காரணம் என்ற இடம் மட்டும் காலி. வருஷாவருஷம் இப்படியே. அந்த ஒரு கோணலுக்காக அந்தம்மா முந்நூற்று அறுபத்துமூன்று நாள் காத்துக் கிடந்தார்.

தானும் மேஜையைக் காலி செய்துவிடலாம் என்று பாடாய்ப் பட்டார். சேர்க்கைக் கோப்பை முடித்தால் விடுதிக் கோப்பு வந்து நிற்கும். அவரைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். என்ன சொல்ல வந்தார் என்று தெரியாமலே காலத்தை ஓட்டுவது அந்தம்மாவுக்குத் தாங்கமுடியாததாக இருந்தது.

எதற்கெடுத்தாலும் திருத்தம் கொண்டுவந்து 'திருத்தம்' என்றே பெயர் வாங்கிய புதுச் செயலாளர் ஒருமுறை இதை எதிர்த்துக் கிளம்பினார். "மேல போனவர் பேரை இன்னும் எத்தனை வருஷம் வச்சிருப்பீங்க? அவருக்கு ஓய்வு வயசும் தாண்டியாச்சு."

"ஓய்வு ஆணையை நேர்ல கையில குடுத்தாத்தானே செல்லும்? போய்க் குடுத்துட்டு வாங்க" என்றார் அந்தம்மா. செயலாளர் ஜன்னல் வழியாக மேலே எட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

அந்தம்மா ஓய்வுபெறும் நாளிலேயே அந்த ஆண்டுக் கூட்டமும் வந்தது. ஓய்வுபெற்றால் உறுப்பினர் இல்லை. அப்புறம் மேலே போனவரின் படிவத்தை யார் வைப்பது? காலையில் பொறுப்பையெல்லாம் ஒப்படைத்து, வெறும் மேஜையைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். ஓய்வு ஆணையோடு பிரிவு எழுத்தர் மாலையில் கூட்டத்துக்கே வருவதாக ஏற்பாடு. இடைவேளையில் படிவத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோன அந்தம்மா அதை வைக்கவில்லை. செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு, படிவத்தைக் கையில் பிடித்தபடியே மேலே போனார். எழுத்தர் வந்ததும் ஆணையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி வரை ஓடினார். எட்டவில்லை. ஆகவே அந்தம்மா இன்றுவரை பணியில்தான் இருக்கிறார்.

அடுத்த ஆண்டு, யாரும் வைக்காத இரண்டு படிவங்கள் ஜன்னல் கட்டையில் ஈரமாகக் கிடந்தன. செயலாளர் எடுத்துப் படித்தார். காரணம் என்ற இடத்தில், இரண்டிலும், "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று இருந்தது. திருத்தம் ஏதும் உண்டா என்று தலைவர் கேட்டார்.

"இல்லங்க" என்றார் செயலாளர். விடுப்பு வழங்கப்பட்டது.