முன்பாதி தகரம், பின்பாதி கீற்று

1

இந்தக் கதை எனக்குப் பஸ் ஜன்னலில் கிடைத்தது. உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற டவுன் பஸ் ஒரு மாட்டுக்காக நின்றது. எதிரே ஒரு வீடு. தெருவைப் பார்த்த பாதிக் கூரை நீலத் தகர ஷீட். பின்பாதியில் அதே ஷீட்டின் மேல் தென்னங்கீற்று. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எவனோ சாப்பிடப் போய்விட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மாடு நகர்ந்துவிட்டது. மீதியை நானே கட்ட வேண்டியதாயிற்று.

2

முதல் தொடக்கம்: "சித்திரை வெயில் ஊரையே வறுத்துக்கொண்டிருந்த ஒரு..."

(வேண்டாம். எல்லாரும் இப்படித்தான் வறுக்கிறார்கள்.)

இரண்டாவது: தாமோதரன் தன் மகள் கல்யாணத்துக்கு முன் கீற்றுக் கூரையைப் பிரித்துவிட்டு ஷீட் போட்டார். சம்பந்தி வீட்டார் 'குடிசை' என்று சொல்லிவிடக் கூடாதே! தெருவே வந்து பார்த்தது. அன்று அவர் நடந்த நடையே வேறு.

இப்போது மகள் ஜெயப்பிரியாவுக்கு ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வர வேண்டியவள், போனில் ஒரே போடாகப் போட்டாள்.

"நான் வரல நைனா. அந்த ஷீட்டு வூட்ல என்னால வேக முடியாது. இங்கயே இருந்துக்கறேன்."

தாமோதரனுக்கு ஒரே பெண். ஆசை ஆசையாய்ப் போட்ட கூரையே அவளை வரவிடாமல் செய்கிறது.

3

(நடுவில் கொஞ்சம் கூரைப் பாடம். தகரம் வெயிலை வாங்கி அப்படியே கீழே இறக்கிவிடும். ஓலைக்கு நடுவே அடைபட்ட காற்று சூட்டை அவ்வளவு சீக்கிரம் கீழே விடாது. ஷீட்டின் மேல் கீற்றைப் பரப்பினால் ஷீட்டுக்கே நிழல். 'தீப்பிடிக்குமே' என்கிறவருக்கு: பிடிக்கும். அதனால்தான் சிட்டம்மாள் விறகடுப்பைக் கொல்லைக் கோடிக்குத் தள்ளிவிட்டாள்.)

சிட்டம்மாள் தாமோதரனின் மனைவி. ஷீட்டின் மேல் கீற்றைப் போடச் சொன்னதும் அவள்தான். அவரும் போட்டார். கொல்லைப் பக்கம் மட்டும்.

"முன்னாடி?"

"முன்னாடி போட்டா மறுபடியும் கீத்து வூடுன்னு ஆயிடும்டி. தெருவே பாத்துக்கினு கீது."

"தெருவா வந்து புள்ள பெத்துக்கப் போவுது?"

(இந்த இடத்தில் எனக்கே தாமோதரன்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு வீம்பு பிடித்தவர் உண்டா? அப்புறம் எங்கள் வீட்டில் யாரையும் உட்கார விடாத சோபா ஞாபகத்துக்கு வந்தது. சந்தேகம் போய்விட்டது.)

4

கீற்றுப் போட்டாயிற்று என்று கேள்விப்பட்டு, வளைகாப்புக்கு முன் வீட்டைப் பார்த்துவிடலாம் என்று ஜெயப்பிரியாவும் அவள் மாமனார் முத்துவேலும் உச்சிவெயிலில் வந்தார்கள். சம்பந்தியை முன்பக்கம்தானே உட்கார வைக்க வேண்டும்? தாமோதரன் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ஃபேனை முழு வேகத்தில் வைத்தார். அது கூரைச் சூட்டைச் சிந்தாமல் சிதறாமல் முத்துவேல் தலையில் இறக்கியது. மோர் கொடுத்தார்கள். குடித்த மோர் சட்டை வழியே வெளியே வந்தது. அம்மாவோடு உள்ளே போன ஜெயப்பிரியா திரும்பவேயில்லை.

முத்துவேல் தேடிக்கொண்டு போனார். பின்னறையில் மருமகள் பாயில் ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பகலில் அவள் இப்படி அசந்து தூங்கி அவர் பார்த்ததேயில்லை. சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"இன்னா சம்மந்தி, இங்க ஜில்லுனு கீது. முன்னாடி எனக்குன்னே தனியா அடுப்பு மூட்டி வெச்சிகீறீங்களா?"

சிட்டம்மாள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். அந்தச் சத்தத்தில் ஜெயப்பிரியா விழித்துக்கொண்டாள்.

"நான் இங்க வரேன் நைனா. ஆனா முன்னாடியும் கீத்து போடு. புள்ளயப் பாக்க வர்றவங்கள எல்லாம் அங்கதானே உக்கார வெப்ப?"

தாமோதரன் மகளைப் பார்த்தார். பிறகு தெருப் பக்கம் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, இருட்டில் அவர்...

(விழுந்து தொலைப்பார்.)

முடிவு இரண்டு: திடீரென்று மழை...

(சித்திரையில் அவ்வளவு மோசடி எனக்கு வராது.)

உங்களிடம் ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். பஸ் நின்றபோது அந்த வீட்டு வாசலில் ஒரு கட்டுக் கீற்று கிடந்தது. முன்பக்கக் கூரையில் ஏணி சாத்தியிருந்தது. அதன் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிய ஒருவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் பாழாய்ப்போன மாடு நகர்ந்துவிட்டது.

அவர் ஏறினாரா என்று எனக்குத் தெரியாது. யாராவது ஏணியைப் பிடித்தால் ஏறுவார் என்று தோன்றுகிறது. எனக்கு இங்கே எழுதவே கை போதவில்லை. நீங்கள் சும்மாதானே நிற்கிறீர்கள்?