ஞாயிற்றுக்கிழமை அளந்த வீடு

குடியிருக்கும் வீட்டை அளந்து, வரைபடமாக்கித் திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லிவிட்டார் ஸ்ரீப்ரியா மிஸ். கட்டடக்கலை முதல் வருடத்தில் இதுதான் முதல் பெரிய வேலை. இதில் கோட்டைவிட்டால் அந்த வகுப்பில் தலைநிமிர்ந்து உட்கார முடியாது. மற்றவர்களுக்கு என்ன, அவர்கள் வீடு வைத்த இடத்தில் இருக்கும். என் வீடு அப்படியா?

அப்பா நெல்லையப்பன் கொத்தனார். மலையாளம் பேசுகிற வட்டியூர்க்காவில் ஒரு டாக்டருக்கு மாடிவீடு எழும்புகிறது. பகலில் அதைக் கட்டுவதும் ராத்திரி காவல் இருப்பதும் அவர்தான். அதனால் நாங்கள் குடியிருப்பதும் அதற்குள்ளேயே. கதவில்லாத வாசலில் அம்மாவின் பழைய சேலை தொங்கும். டாக்டர் குடும்பம் உட்கார்ந்து சாப்பிடப்போகிற அறையில் எங்கள் அடுப்பு.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படித்தான். கம்பிக்கு அடியில் கொடுக்கிற குட்டி சிமெண்ட் கட்டைகளை அள்ளிவந்து வீடு கட்டி விளையாடுவேன். கான்கிரீட் போடுகிற அன்று கட்டை குறைந்தால் அப்பா என்னைத்தான் தேடி வருவார். நான் கட்டியதைப் பிரித்து எடுத்துக்கொண்டு போவார். நான் அழுது ஊரைக் கூட்டுவேன். நிஜ வீடும் அப்படியே கைவிட்டுப் போகும். கதவு வந்து இறங்கினால் நாங்கள் மூட்டை கட்ட வேண்டும். பால்காய்ச்சுக்கு எங்களை யாரும் கூப்பிட்டதில்லை. முடிந்த வீடு எப்படித்தான் இருக்கும் என்று பார்க்கிற வெறியில் படம் போட ஆரம்பித்தவள் நான். அந்த வெறிதான் நுழைவுத்தேர்வு எழுத வைத்து, இந்தக் கல்லூரியில் கொண்டுவந்து விட்டது.

செவ்வாய்க்கிழமை ஹாலை அளந்தேன். புதன்கிழமை கல்லூரி விட்டு வந்தால் ஹாலுக்கு நடுவில் இடுப்பளவு சுவர். டாக்டரின் மனைவிக்குப் பூஜை அறை வேண்டுமாம். அழித்துவிட்டு மறுபடி வரைந்தேன். மறுநாள் ஒரு ஜன்னலை அடைத்து வேறு பக்கம் திறந்திருந்தார்கள். ரப்பர் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்பா, ரெண்டு நாளு சும்மா இருக்க மாட்டியளா? நான் வரையதுக்குள்ள மாத்துதிய."

"நான் சும்மா இருந்தா காண்ட்ராக்டர் சும்மா இருப்பானாட்டி? ஞாயித்துக்கெழம வேல கெடையாது. அன்னைக்கு அள."

வெள்ளியும் சனியும் எனக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றியது, எழுந்தால் எங்காவது நடக்கத் தோன்றியது. வகுப்பில் ஜெஸ்லின் தன் வீட்டுப் படத்துக்கு மை போட்டு முடித்து, சோபா உறைக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள்மேல் வந்த எரிச்சலில் நியாயமே இல்லை. ஆனாலும் வந்தது.

ஞாயிறு விடிந்ததும் டேப்பை எடுத்தேன். அப்பா மறுமுனையைப் பிடித்தார். சுவர், தூண், ஜன்னல் எல்லாம் அன்றைக்கு ஒழுங்காக நின்ற இடத்தில் நின்றன. சாமான்களையும் வரையச் சொல்லியிருந்தார் மிஸ். பாய், கொடிக்கயிறு, தண்ணீர் டிரம், அடுப்பு என்று ஒவ்வொன்றாக அளந்து வரைந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. அம்மா அன்றைக்கு என்னை ஒரு வேலையும் ஏவாதது அதிசயம்தான்.

"அடுப்ப வரஞ்சாச்சாட்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"ஆச்சு."

"பாய?"

"ஆச்சும்மா. சும்மா நைநைன்னு அரிக்காதிய."

மத்தியானத்துக்கு மேல் வெளியே ஹாரன் அடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். அறை காலியாக இருந்தது. பாய் இல்லை, கொடி இல்லை, அடுப்பு இருந்த இடம் கழுவிக் கிடந்தது. நான் வரைந்து முடிக்க முடிக்க ஒவ்வொன்றையும் அம்மா கட்டி வெளியே வைத்திருக்கிறாள். வாசலில் பெட்டி ஆட்டோ நின்றது.

"நாளைக்குக் கதவு வருது. நமக்கு இனி விதுரா பக்கம் சைட்டு," என்றார் அப்பா.

"ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"காண்ட்ராக்டர் வியாழக்கெழமயே சொல்லிட்டான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா ஒனக்குக் கோடு நேரா வந்திருக்குமாட்டி?"

எனக்கு அவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருந்தது. ஆனால் வந்திருக்காது என்பது எனக்கே தெரியும். கீழே கிடந்த டேப்பை எடுத்தேன்.

"சேட்டா, லேட்டாயி கேட்டோ," என்று ஆட்டோக்காரன் மலையாளத்தில் அவசரப்படுத்திக் கத்தினான்.

"அப்பா, மாடிப்படி இன்னும் அளக்கல," என்றேன்.

அப்பா வாசலைப் பார்த்து அவன் பாஷையிலேயே "இப்போ வராம்" என்று குரல் கொடுத்துவிட்டு, டேப்பின் முனையை முதல் படியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அவசரப்படாம அள. தப்பாப் போச்சுன்னா திரும்ப வந்து பாக்க உள்ள விட மாட்டான்."