தூசி நீக்கம்

நர்ஸ் அக்கா வந்து நின்றபோது சுண்ணாம்பு ஏதோ ஒரு பழைய வைத்திய நூலை வெளுத்துக்கொண்டிருந்தார். மின்நூலகத்தில் அவருக்குச் 'சுண்ணாம்பு' என்று பட்டப்பெயர் வைத்தவள் ஸ்கேனர் ஓட்டும் பெண். எப்பேர்ப்பட்ட பழுப்புத் தாளையும் திரையில் வெள்ளைவெளேர் என்று ஆக்கிவிடுவார் என்பதால் வந்த பெயர். கோபப்படுவதுபோல் காட்டிக்கொண்டாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமைதான். வெளியாட்கள் யார் வந்தாலும் இயக்குநர் அவர் சரிசெய்த பக்கங்களைத்தான் திறந்து காட்டுவார். மென்பொருளில் 'தூசி நீக்கம்' என்று ஓர் அளவு உண்டு. மற்றவர்கள் பயந்து பாதியில் நிறுத்திக்கொள்வார்கள். இவர் கடைக்கோடி வரை தள்ளுவார். கறை, பூஞ்சை, கைரேகை எதுவும் மிஞ்சாது.

அக்காவை அவருக்கு நன்றாகவே நினைவிருந்தது. இறந்துபோன தம்பியின் புத்தகங்களை வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்கியவர். சின்ன வீட்டுக்கு மாறுகிறார், வைக்க இடமில்லை. வேகமாக ஸ்கேன் செய்ய வேண்டுமானால் புத்தகத்தின் முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரிக்க வேண்டும், பிரித்ததைத் திருப்பித்தர முடியாது என்று இவர்தான் பக்குவமாக எடுத்துச் சொன்னார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஸ்கேன் முடிந்ததும் தாள்கள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. கணினியில் இடம் போதவில்லை என்று, வெளுப்பதற்கு முந்தைய படங்களையும் இவரே அழித்தார். எல்லாம் முறைப்படிதான் நடந்தது.

"புத்தகம் ஏத்தியாச்சுன்னு மெயில் வந்துது சார். வீட்ல நெட்டு சரியில்ல. இங்கயே பாத்துட்டுப் போறேன்."

இவர் உற்சாகமாக நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் புத்தகத்தைத் திறந்து கொடுத்தார். அக்கா பக்கம் பக்கமாகத் தள்ளினார். அவர் எழுத்துகளைப் பார்க்கவில்லை, ஓரங்களைப் பார்த்தார்.

"பென்சில்ல எழுதியிருப்பானே, அது எங்க சார்?"

இவர் கையை நீட்டி இரண்டு பக்கம் தள்ளிப் பார்த்தார். ஓரங்கள் வெறுமையாக இருந்தன.

"வீட்ல யார்கூடயும் பேசமாட்டான். புத்தகத்தோடதான் சண்டையெல்லாம். 'பொய்', 'நீ பாத்தியா', இப்படி எழுதி வெப்பான். டியூட்டி முடிஞ்சு வந்து எடுத்துப் படிச்சா, இன்னிக்கு எப்படி இருந்தான்னு தெரிஞ்சிரும். அது பத்திரமா இருக்கும்னுதான் வெட்டச் சொன்னேன்."

"அது தனியா ஏறும்க்கா. கொஞ்சம் நாளாகும்." பொய் இவ்வளவு லேசாக வாயில் வந்துவிழும் என்று இவரே நினைக்கவில்லை.

"அப்ப சரி. நீங்க பாத்துப்பீங்க, எனக்குத் தெரியும்." அக்காவின் முகம் தெளிந்துவிட்டது. பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால்கூட இவர் தாங்கியிருப்பார். அந்தத் தெளிந்த முகத்தை இவரால் தாங்க முடியவில்லை. கூனிக் குறுகிப்போனார்.

"ஏறாதுக்கா. நான் அழிச்சிட்டேன். பக்கம் சுத்தமா இருக்கட்டும்னு எல்லாத்தையும் சேத்து எடுத்துட்டேன். பழைய படமும் இல்ல."

அக்கா மாட்டிய பையை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். அடுத்த மேசையில் ஸ்கேனர் ஓட்டும் பெண் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தலைகுனிந்துகொண்டாள்.

"அழிக்கிறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் படித்திருந்தார். ஒரு பக்கத்தின் ஓரத்தைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்து, அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுக் காட்டினார். அவளும் சிரித்தாள். அப்புறம்தான் அளவைக் கடைக்கோடிக்குத் தள்ளினார். தூசி என்று நினைத்துத் தெரியாமல் அழித்திருந்தாலாவது மன்னிப்பு உண்டு. இது படித்துச் சிரித்துவிட்டு அழித்தது.

"ஒண்ணே ஒண்ணு படிச்சேன். சிரிச்சேன்."

"சிரிச்சீங்களா?" அக்காவின் குரலில் கோபமில்லை. ஆவலாக முன்னால் நகர்ந்தார். "என்ன எழுதியிருந்தான்?"

அந்தப் பக்கத்தின் மூலைமடிப்பு ஞாபகம் வந்தது. சாய்ந்த கையெழுத்து ஞாபகம் வந்தது. தன் சிரிப்புச் சத்தம்கூடக் காதில் கேட்டது. வார்த்தை மட்டும் வரவில்லை. ஸ்கேனர் பெண்ணைப் பார்த்தார். அவளும் உதட்டைப் பிதுக்கினாள்.

"மெதுவா யோசிங்க சார். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

அக்கா நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். திரையில் பக்கம் பளிச்சென்று கிடந்தது. அதை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. இவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.