திங்கட்கிழமை வெளுப்பு

...வாயில் இரண்டு துணிக் கிளிப்பைக் கவ்விக்கொண்டு நிற்பவளால் பதில் சொல்ல முடியாது என்பது யாருக்கும் தெரியும், ஆனாலும் மாமியார் ஏதாவது கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, கடைக்குப் போன கூடையோடு பின்வாசல் படியில் அப்படியே நின்றார், நான்தான் அசடு மாதிரி கிளிப்போடு சிரித்தேன், கொடியைப் பார்க்கிறார், பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன்... எப்படி நினைக்காமல் இருப்பேன், திங்கட்கிழமை, நல்ல வெயில், நல்ல காற்று, என் புருஷன் கிளிஃபோர்டின் நீலச் சட்டை, இரண்டு உள்சட்டை, காலையில் அவன் கழற்றிப் போட்டுவிட்டுப் போன பைஜாமா, அவன் தலை வைத்துப் படுத்த தலையணை உறை, எல்லாம் வரிசையாக ஆடிக்கொண்டிருக்கின்றன, நான் பிறந்து வளர்ந்த லெஸ்டரில் எங்கள் தெருவில் திங்கட்கிழமை மதியத்துக்குள் கொடி நிறையாத வீட்டைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள், என் அம்மா காய்ச்சலோடு எழுந்து துவைத்திருக்கிறாள், புதுப் பெண் மாமியார் வீட்டுக்கு வந்து கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாமா என்றுதான் வாளியை எடுத்தேன், பக்கத்து வீட்டு ஐவியின் கொடி வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து, சரியான சோம்பேறி என்று ஒரு கணம் நினைக்கவும் செய்தேன். “எப்பத் துவைச்சே?” என்றார் மாமியார். கிளிப்பை எடுத்துவிட்டு, நீங்க கடைக்குப் போனதும் என்றேன். “அவன் கிளம்பினப்புறமா?” ஆமாம் என்றேன், சிரிப்பு இன்னும் முகத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. “மீன் பிடிக்கக் கிளம்புற நாள்ல அவன் துணியைத் துவைக்கக் கூடாது, ஏவ்ரில். ஆளையே கடல்ல அலசி விட்ட மாதிரி ஆயிடும். அவன் சொல்லலியா?” சொல்லவில்லை. “சரி, கொஞ்சம் காலாற வெளியே போயிட்டு வா கண்ணு,” என்றார். திட்டியிருந்தால் தேவலை, குரலில் கோபமே இல்லை.

ஏன் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னானே, ரயிலில் வரும்போதே ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரித்தானே... வீட்டுக்குள் சீட்டி அடிக்காதே, காற்றைக் கூப்பிட்டது மாதிரி, துறைமுகத்துக்கு வழியனுப்ப வராதே, படகுக்குக் கையசைக்காதே, நான் எதையாவது மறந்துவிட்டுப் போனால் பின்னாலிருந்து கூப்பிடாதே, பன்றி என்ற வார்த்தையை மட்டும் எங்கம்மா காதுபடச் சொல்லிடாதே என்றான். “அப்ப காலையில தட்டுல வைக்கிற பேக்கன்? அதுவும் பன்னிக்கறிதானே?” என்று கேட்டேன். “அது பேக்கன்டி. செத்தாச்சு, அதால ஒண்ணும் பண்ண முடியாது.” பெட்டியில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தோம். அத்தனையும் கேட்டேன், இன்று காலை அவன் கிளம்பும்போது நானும் மாமியாரும் சமையலறையில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம், அவன் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை, சொல்லக் கூடாது, பத்திரிகை வாங்கப் போகிறவன் மாதிரி போனான், மாமியார் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தார், யாரும் கேட்காத ரொட்டி, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது, திரும்பி ஒருமுறை அவன் பிடரியையாவது பார்த்துவிட வேண்டும் என்று எனக்குக் கழுத்தே வலித்தது, திரும்பவில்லையே, அதற்கெல்லாம் கணக்கு இல்லையா... அவன் ஒன்றையும் மறைக்கவில்லை, சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவனுக்குத் தோன்றியிருக்காது, இந்தத் தெருவில் பிறந்தவர்களுக்கு அது சொல்லித் தெரிவதில்லை போலும், எனக்குத் திங்கட்கிழமை என்றால் துவைப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லையே, அதே மாதிரி. கைகளில் இன்னும் சோப்பு வாசனை அடித்தது, கம்பளிச் சட்டைப் பைக்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு நடந்தேன்.

சுத்தப் பைத்தியக்காரத்தனம், எனக்குத் தெரியாதா, காலுறைத் தொழிற்சாலையில் நூறு பெண்களோடு வேலை பார்த்தவள் நான், அங்கே யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் அவளை ஓட்டியிருப்போம்... ஒரு வாளித் தண்ணீர், கொஞ்சம் சோப்புத்தூள், அவன் இந்நேரம் துறைமுக வாயைத் தாண்டி எத்தனையோ மைல் போயிருப்பான், நான் வாளியைக் கவிழ்த்தது பின்முற்றத்துச் சாக்கடையில், அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம், சாக்கடைத் தண்ணீர் எங்கே போகிறது, தெரு முனையில் இருக்கிற பெரிய குழாய்க்கு, அங்கிருந்து... அங்கிருந்து கடலுக்குத்தான் போகிறது. பாலத்தின் மேல் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போனார்.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மீனும் ஐஸும் கப்பல் எண்ணெயும், அந்தப் பக்கம் மணலும் ஐஸ்கிரீமும், ஊர் ஒன்றுதான் என்று போன வருஷம் எனக்குத் தெரியாது, போன வருஷம் அந்தப் பக்கம் மட்டும்தான் பார்த்தேன், தொழிற்சாலை கோடை லீவுக்கு மூடியதும் எல்லாரும் மூட்டை கட்டிக்கொண்டு கடற்கரைக்கு வருவோம், பாதி லெஸ்டர் இங்கேதான் இருக்கும், மணலில் காற்றுத் தடுப்புத் துணியைக் கட்டிக்கொண்டு, மழை வந்தாலும் காசு கொடுத்த நாற்காலியை விடாமல்... நானும் தொழிற்சாலைத் தோழி பெரிலும் கடலுக்குள் நீண்ட அந்த மரமேடையின் முனையில் நின்று வறுவல் தின்றோம், இழுவலை மீன்பிடிப் படகு ஒன்று எங்கள் காலடியை ஒட்டி வெளியே போனது, எல்லாரும் கையசைத்தார்கள், நானும் கைக்குட்டையை எடுத்து வீசி வீசி அசைத்தேன், படகில் ஒருத்தன்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை, திமிர் பிடித்தவர்கள் என்றாள் பெரில். அன்று சாயங்காலமே நடன மண்டபத்தில் கிளிஃபோர்டைப் பார்த்தேன், மீன்காரன் என்றான், நாற்றமே இல்லையே என்றேன், நாலு தடவை குளிச்சேன் என்றான், அந்தப் பதிலுக்காகத்தான் கல்யாணம் செய்துகொண்டேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். பாலத்தைக் கடந்து மணல் பக்கம் வந்துவிட்டேன், இப்போதும் அதே முனையில் ஒரு குடும்பம் நிற்கிறது, குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருக்கிறார்கள், வெளியே போகிற படகுக்குக் கை காட்டச் சொல்கிறார்கள், குழந்தை காட்டுகிறது, ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து இறக்க வேண்டும் போல் எனக்கு வெறி வந்தது, நல்லவேளை, கால் நகரவில்லை.

காற்று திரும்பியிருந்தது, நான் கவனிக்கவில்லை, தலையில் கட்டிய துணி படபடவென்று அடித்தபோதுதான் தெரிந்தது, நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் ஒவ்வொன்றாக மடக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். “வடக்கே திரும்பிருச்சும்மா. இருட்டுறதுக்குள்ள நல்லா அடிக்கும். இன்னிக்கு இனி உக்கார முடியாது,” என்றார். வெளியே இருக்கிற படகுகளுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். “அதுங்களுக்கு என்ன, பழகினதுங்க.” கையில் இருந்த நாற்காலியை வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “யாராச்சும் போயிருக்காங்களா?” இல்லை, லீவுக்கு வந்திருக்கேன் என்று சொல்லிவிட்டேன், வாய் தானாகச் சொன்னது, யோசிக்கவே இல்லை. என்ன பொய் இது, யாரிடம் எதற்காக... அப்படியே நேராக நடந்தால் ரயில் நிலையம், லெஸ்டருக்குப் போய்விடலாம், அம்மா கேள்வி கேட்காமல் கெட்டிலை அடுப்பில் வைப்பாள், அவன் திரும்பி வந்ததும் நானும் வருகிறேன், வராவிட்டால்... வராவிட்டால் என்று நினைத்தேனா நான், அந்த வார்த்தையை யார் உள்ளே விட்டது. எனக்கு அவன் வேண்டும், நாலு தடவை குளித்துவிட்டு வந்து நிற்கிற அவன் வேண்டும், வேறொன்றும் வேண்டாம். நிலையத்து வாசல்வரை போய்விட்டுத் திரும்பினேன்.

வீட்டுக்குள் யாரும் இல்லை, பின்கதவு திறந்திருந்தது, கொடி வெறுமையாக இருந்தது, மாமியார் நிலக்கரி போட்டு வைக்கிற தொட்டி அருகே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார், முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன், பிறகுதான் பார்த்தேன், கிளிஃபோர்டின் நீலச் சட்டையை மடியில் விரித்துக் கரித்தூளை அள்ளி அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தார், காலர், அக்குள், கைமடிப்பு, அழுக்கு எங்கெங்கே இருக்குமோ அங்கெல்லாம் பார்த்துப் பார்த்து. பைஜாமாவும் தலையணை உறையும் ஏற்கெனவே கறுத்துப் பக்கத்தில் கிடந்தன. என்னைப் பார்த்ததும் நிறுத்தவில்லை, ஆனால் காது சிவந்தது, அந்த வயதில் ஒரு பெண்ணுக்கு வெட்கம் வந்து நான் பார்த்ததில்லை. “சிரிச்சுக்கோ,” என்றார். “அழுக்காக்கிக்கிட்டிருக்கேன்.” எனக்குச் சிரிப்பு வரவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உள்சட்டையை எடுத்துக் கரியை அள்ளித் தேய்க்க ஆரம்பித்தேன். இப்படிச் செஞ்சா சரியாயிடுமா அம்மா என்றேன், அம்மா என்று கூப்பிடு என்று நான் வந்த நாளிலிருந்து கிளிஃபோர்ட் சொல்லியும் வராத வார்த்தை, இப்போது வந்துவிட்டது. “யாருக்குத் தெரியும். இதுவரைக்கும் யாரும் செஞ்சு நான் பார்த்ததில்ல.” பிறகு கரியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “இவன் அப்பன் போன அன்னிக்கு நான் ஒரு கைக்குட்டைகூட நனைக்கல, ஏவ்ரில். வாசலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நின்னேன். தரையக்கூடப் பெருக்கல. எல்லாம் ஒழுங்காத்தான் செஞ்சேன். படகும் வரல, பலகையும் வரல.” அப்படியென்றால் இதில் ஒன்றுமே இல்லை என்றுதானே அர்த்தம், துவைத்தாலும் ஒன்று, துவைக்காவிட்டாலும் ஒன்று, எனக்கு மூச்சு வந்தது, அதையே சொல்லவும் சொன்னேன். “கடலுக்கு ஒண்ணும் தெரியாதுதான்,” என்றார். “தெருவுக்குத் தெரியுமே. அன்னிக்கு எங்கிட்ட வந்து உன்னாலதான்னு ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல முடியல. அந்த ஒண்ணப் பிடிச்சுக்கிட்டுத்தான் நான் எழுந்து நடமாடினேன்.”

முன்வாசல் கதவு தட்டாமலே திறந்தது, இந்தத் தெருவில் தட்டுவது விருந்தாளிகள் மட்டும்தான், ஐவி, அவள் புருஷன் ரெஜ் கிளிஃபோர்டின் படகில்தான் போயிருக்கிறான், சமையலறையைத் தாண்டிப் பின்வாசலுக்கே வந்துவிட்டாள், நான் உள்சட்டையைப் பாவாடைக்கு அடியில் தள்ளினேன். “ரேடியோவுல வானிலை கேட்டியா வின்னி? புயல் காத்தாம், வடக்கேருந்து. நம்ம ஆளுங்க இருக்கிற பக்கந்தான்.” கேட்டேன் என்றார் மாமியார், அவர் கேட்டிருக்க வழியே இல்லை. ஐவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், படி இறங்கவில்லை, கண் கொடிமேல் போனது, பிறகு என்மேல் வந்தது, கண்களைச் சுற்றிச் சிவந்திருந்தது, அவளும் பயந்துதான் போயிருக்கிறாள் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. “மாடி ஜன்னல்லேருந்து பார்த்தேன் வின்னி. கொடியில துணி ஆடிச்சு. என் கண்ணுதான் சரியில்லையோன்னு நினைச்சேன்.” “யாரு துவைச்சது?” அவள் என்னைத்தான் கேட்டாள், பெயர் சொல்லாமல், நான் வாயைத் திறந்தேன், நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன், அது சத்தியம், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. “நான்தான்,” என்றார் மாமியார். “வயசாயிடுச்சு ஐவி. என்ன நாள்ங்கிறதே மறந்துபோச்சு.”

ஐவி நம்பவில்லை, நம்பாதது முகத்தில் தெரிந்தது, ஆனால் சொன்னவர் சொல்லிவிட்டார், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள், ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி பொய் என்று எப்படிச் சொல்வாள். “நீயா... உனக்கா மறந்துபோச்சு,” என்றாள் மெதுவாக. “ரெஜுக்கு மட்டும் ஏதாவது ஒண்ணு ஆச்சு வின்னி...” முடிக்கவில்லை. “தெரியும்டி,” என்றார் மாமியார், ஒரு கோப்பை டீ குடிச்சிட்டுப் போ என்றும் சொன்னார். ஐவி தலையை ஆட்டிவிட்டுப் போனாள், முன்கதவைச் சாத்தாமலே போனாள், காற்று வீடு முழுக்க நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே போயிற்று. மாமியார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, கறுத்த கையோடு சமையலறை மேஜை முன் உட்கார்ந்தார், அவர் பிடித்துக்கொண்டிருந்த அந்த ஒன்றையும் எனக்காகக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குப் புரிந்தது, எதிரில் உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும், இப்போதே ஐவி வீட்டுக்கு ஓடி உண்மையைச் சொல்ல வேண்டும்... ஒன்றும் செய்யவில்லை. ஏனென்றால் அவர் நான்தான் என்று சொன்ன அந்த நொடியில் என் உடம்பு முழுக்க ஒன்று இறங்கியது, தோளிலிருந்து முழங்கால் வரைக்கும், அப்பாடா என்று, அத்தனை நிம்மதி எனக்கு, கிளிஃபோர்ட் நினைவுக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த நிம்மதி வந்துவிட்டது. வெளியே காற்று ஏறிக்கொண்டே இருக்கிறது, அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாது... இதிலெல்லாம் ஒன்றுமே இல்லை, வெறும் பைத்தியக்காரத்தனம் என்று நம்புகிறவள்தானே நான், பிறகு எதிலிருந்து தப்பித்தேன் என்று இப்படி மூச்சு விடுகிறேன்?