காட்டு எல்லையில் ஒரு வாய் வெற்றிலை

காசிராஜனுக்கு மண்டப ஆசை வந்தது தொண்ணூற்று மூன்றில். அருப்புக்கோட்டையில் பைப்பும் மோட்டாரும் விற்று வசதி வந்தபிறகு, தன் பெயரைக் கல்வெட்டில் பார்க்க வேண்டும் என்று மனிதருக்குத் தோன்றிவிட்டது. அதற்கு ஒரு சாமி வேண்டுமல்லவா? எங்கள் ஊர் அய்யனார் அகப்பட்டார்.

அய்யனார் இருப்பது கோயில்காட்டில். திருச்சுழி ரோட்டில் வருகிறவர்களுக்குச் சுற்றிலும் சீமைக்கருவேலும் கரிமூட்டப் புகையும்தான் தெரியும். நடுவில் அந்த ஒரு துண்டு மட்டும் பச்சையாக, இருட்டாக நிற்கும். இலுப்பை, குருந்து, உசிலை, வன்னி, பெயர் தெரியாத கொடிகள். இலுப்பைக் கிளைகளில் பழந்தின்னி வௌவால்கள் காயப்போட்ட கந்தல் மாதிரித் தொங்கும். அவை மிரண்டுவிடும் என்று தீபாவளிக்குக்கூட எங்கள் ஊரில் வெடி கிடையாது. காட்டுக்குள் செருப்புப் போடக் கூடாது, எச்சில் துப்பக் கூடாது, சுள்ளி பொறுக்கக் கூடாது, பெண்கள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. கடைசி விதி மட்டும் எதற்காம் என்று கேட்டால் ஆண்கள் அத்தனை பேருக்கும் காது மந்தமாகிவிடும்.

காரியாபட்டி லாரிக்காரர் ஒருவர் இலுப்பை மரங்களைக் கேட்டிருந்தார். மரத்துக்குப் பதில் சிமெண்டும் கம்பியும் இறக்குவாராம். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேல் கிடக்கிறதே, அதை அள்ளிக்கொண்டு போகக் கூடாதா என்றால், அதில் நிலை, கதவு செய்ய முடியாதாம்.

ஆனால் காட்டில் ஒரு கிளை ஒடிக்கவும் நாலு கரைக்காரர்களின், அதாவது கோயிலில் பங்குள்ள நாலு வகையறாத் தலைவர்களின், சம்மதம் வேண்டும். அய்யனார் முன்னால் வெற்றிலைத் தட்டு வைப்பார்கள். எடுத்து வாயில் போட்டால் சம்மதம். ஒருவர் எடுக்காவிட்டாலும் காரியம் நின்றுபோகும். அதனால் மனஸ்தாபம் வரலாம், உறவு முறியாது. எடுத்துப் போட்டுக்கொண்டவர் மட்டும் அந்த வாயை விழுங்கியே ஆக வேண்டும். துப்பினால் கொடுத்த வாக்கைத் துப்பியதாக அர்த்தம். அதற்குப் பிறகு தட்டு வைத்த வீட்டுக்கும் துப்பியவர் வீட்டுக்கும் பெண் கொடுக்கல் எடுக்கல் கிடையாது. நான் அறிய யாரும் துப்பியதில்லை.

மூன்று கரை காசிராஜன் பக்கம். நாலாவது கரை ஐயாத்துரை, எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். காசிராஜனின் தங்கை சந்தனம்மாளைக் கட்டியவர். போதாததற்கு, இவர்கள் மகள் தங்கச்செல்விக்கும் காசிராஜன் மகன் ராம்குமாருக்கும் ஆவணியில் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. அந்தப் பெண் குழாயடிக்கு வந்தால் குடம் நிறைந்து வழிவதுகூடத் தெரியாமல் நிற்கும். அத்தனை சந்தோஷம்.

ஐயாத்துரை ஒன்றும் ஜீவகாருண்யப் பிறவி இல்லை. சட்டையில் எச்சமிட்ட வௌவாலைக் கல்லால் அடிக்கப் போனவர்தான். ஆனால் எண்பத்து மூன்று பஞ்சத்தில் ஊர்க் கிணறெல்லாம் வறண்டபோது, காட்டுக்குள் இருக்கும் ஊருணிதான் இரண்டு கோடைக்கும் தண்ணீர் கொடுத்தது. நிழல் போனால் ஊருணியும் போகும் என்பது அவர் கணக்கு. அடுத்தவர் வீட்டுப் பேச்சைக் கேட்கும் பழக்கம் எனக்கு இல்லை. இடைச்சுவர் குட்டை, அவ்வளவுதான். தட்டு வைப்பதற்கு முந்தின நாள் அவர் சொன்னது நன்றாகக் கேட்டது.

"நெழல வெட்டிட்டு நெழலுக்கு மண்டபம் கட்டுவாகளாம். நான் தட்டுல கை வைக்க மாட்டேன். மச்சான் ரெண்டு நா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிருவாரு. கல்யாணத்துக்கு ஒண்ணும் வராது."

சந்தனம்மாள் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டில் அவள் பேசாமல் இருந்தால் சரி என்று பொருள்.

மறுநாள் காலையில் பெண்கள் எல்லைக்கல் ஓரமாக நின்றோம். எனக்கு முன்வரிசை, சீக்கிரமே போய்விட்டேன். லாரியும் ரம்பத்தோடு ஆட்களும் வண்டிப்பாதையில் தயாராக நின்றதைப் பார்த்தேன். சம்மதம் கேட்பதற்கு முன்பே ரம்பம் வருமா?

மூன்று பேரும் வரிசையாக எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். தட்டு ஐயாத்துரை முன் வந்தது. கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு. ஐயாத்துரை எப்பேர்ப்பட்ட வெற்றிலைப் பிரியர் என்றால், தூக்கத்தில்கூட அவர் விரல் காம்பு கிள்ளும் என்று சந்தனம்மாளே சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு வேண்டுமென்றே வெறும் வாயோடு வந்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, முடியாது என்றார்.

காசிராஜன் கோபிக்கவில்லை. அங்கேதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ஏன் மாப்பிள்ளை, எதுக்கு மாப்பிள்ளை என்று சிரித்துக்கொண்டே பேச்சை வளர்த்தார். தட்டை முழங்காலுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார். வௌவாலுக்குப் பயந்தவர் என்று யாரோ கிண்டல் செய்தார்கள். ஐயாத்துரைக்கு வேகம் வந்தது. ஊருணியைச் சொன்னார், பஞ்சத்தைச் சொன்னார், குரல் ஏறியது. கட்டிய கை அவிழ்ந்தது. பேச்சு வாக்கில் கை தட்டுக்குப் போனது. ஒரு கொழுந்தை எடுத்தார், தொடையில் துடைத்தார், காம்பு கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார். பேசிக்கொண்டே சீவலோடு மடித்து வாயில் ஒதுக்கினார்.

அவர் தாடை இரண்டு முறை அசைந்து, மூன்றாம் முறை பாதியில் நின்றது.

"மாப்ள மனசு எறங்கிட்டாக," என்று காசிராஜன் எழுந்து லாரிப்பக்கம் கை காட்டினார்.

ஐயாத்துரையால் இல்லை என்று சொல்லக்கூட வாயைத் திறக்க முடியாது. கண் பிதுங்க உட்கார்ந்திருந்தார். ரம்பக்காரர்கள் முதல் இலுப்பையின் அடியில் போய் நின்றார்கள். மேலே ஒரு வௌவால் சிறகை விரித்து மூடியது. அவர் மெல்ல எழுந்து எங்களைப் பார்த்து நடந்தார். காட்டுக்குள் துப்பக் கூடாது என்கிற விதி அப்போதும் அவருக்கு நினைவிருந்தது. எல்லைக்கல்லுக்கு வந்தவர் மகளைப் பார்த்தார். தங்கச்செல்வி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவருக்குக் கடைவாயில் சிவப்பு வழிந்தது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை. பின்னால் ரம்பத்தைப் பட்டையில் வைத்துப் பார்க்கும் சத்தம் கேட்டது.

சந்தனம்மாள் கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே உள்ளங்கையை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

"துப்புங்க."

அவர் தலையை ஆட்டினார், வேண்டாம் என்று.

"துப்புங்கங்கிறேன்ல."

துப்பினார். அவள் கை விரலிடுக்கெல்லாம் சிவப்பு. காசிராஜன் ஓடி வந்தார்.

"சந்தனம், இனிமே ஏ வீட்டு வெத்தல ஒன் வீட்டுப் படி ஏறாது. ஒன் மகள நெனச்சியா?"

"நெனச்சுத்தாண்ணே கைய நீட்டுனேன். தண்ணியில்லாத ஊர்ல எவ வாக்கப்படுவா? ஆளுகளத் திரும்பக் கூப்புடு."

ரம்பக்காரர்கள் காசிராஜனைப் பார்த்தார்கள். காசிராஜன் மற்ற மூன்று கரைக்காரர்களைப் பார்த்தார். அவர்கள் வாயில் இருந்ததை மென்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். லாரி வெறுமையாகத் திரும்பியது. மண்டபம் நின்றது, கல்யாணமும் நின்றது.

ஊர் சந்தனம்மாளைப் புகழ்ந்தது. புகழ்வதற்குச் செலவில்லையே. தங்கச்செல்வி யாருடனும் பேசுவதை விட்டாள். மனசு கேட்காமல் ஒரு நாள் சுவர் வழியாகச் சந்தனம்மாளிடம் நானே கேட்டுவிட்டேன், வருத்தமில்லையா மதினி என்று.

"இல்லாமயா? மரத்தப் பாக்க வருசத்துக்கு ஒருக்காப் போறேன். இவ மூஞ்சியத் தெனம் பாக்குறேன்."

அதே ஆவணியில் ராம்குமாருக்குப் பாளையம்பட்டிப் பெண்ணை முடித்தார்கள். எல்லா வீட்டுக்கும் பத்திரிகை வந்தது, அந்த ஒரு வீட்டைத் தவிர. கல்யாண பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அவர்கள் வாசலைத் தாண்டும்போது தங்கச்செல்வி கையில் விளக்குமாற்றோடு நின்று பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கும்பிடு போடுவதா, முகத்தைத் திருப்புவதா என்று நான் யோசிப்பதற்குள் அவளே குனிந்து கூட்டத் தொடங்கினாள்.